விட்டிலோடு ஒரு சீட்டும் வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விட்டில்பூச்சிகளை ஊசி குத்திச் சேர்த்து வைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, செல்போனில் படம் எடுத்தால் போதும் என்று இப்பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உயிரைக் கொல்லக் கூடாது என்ற அவருடைய அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் படம் மட்டும் போதாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இலை வாட்டும் மாடியின் வெளிச்சத்துக்கு விட்டில்கள் இரவெல்லாம் வந்து மோதும்; செத்து விழுந்ததை விடிந்ததும் துடைப்பத்தால் தள்ளுவார்கள். அதில் சிறகு கிழியாததை எடுத்துத்தான் நான் பழகினேன். கொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. ஒரே மாதிரிப் பழுப்பாக இருக்கும் சின்ன விட்டில்களில் பலவற்றை, வயிற்று நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இன்ன இனம் என்று பிரிக்கிறார்கள். அதற்கு உடல் வேண்டும்.

காய்ந்து விறைத்ததை அப்படியே விரித்தால் சிறகு ஒடியும். மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து, பூஞ்சை பிடிக்காமலிருக்க இரண்டு சொட்டு டெட்டால் விட்டு, ஓரிரு நாள் வைத்தால் இளகிவிடும். அப்புறம் நடுவில் பள்ளம் வெட்டிய தெர்மோகோலில் உடலை இறக்கி, மார்பின் நடுவே ஊசியைச் செருகி, முன்சிறகின் பின்விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக வரும்வரை மெல்ல நகர்த்த வேண்டும். விரல் பட்டால் செதில் உதிரும். சிறகின் மேல் பட்டர் பேப்பர் பட்டை போட்டு, சிறகில் படாமல் ஓரத்தில் மட்டும் குண்டூசி குத்த வேண்டும். எங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரத்தில் காயாது, பொறுமை வேண்டும். உடலில் செருகுவதற்குத் துருப்பிடிக்காத எஃகு ஊசியே நல்லது. பெட்டியில் அந்துருண்டை போட்டு, வெயில் படாத இடத்தில் வைக்கலாம். வெளிச்சத்தில் நிறம் போய்விடும்.

இத்தனையும் செய்து சீட்டு எழுதாமல் விட்டால் அது வெறும் அலங்காரம். கிடைத்த நாள், ஊர், கடல்மட்டத்திலிருந்து உயரம், எடுத்தவர் பெயர், எந்த விளக்கடியில் என்ற குறிப்பு, இவ்வளவும் பென்சிலால் எழுதிய சீட்டு அதே ஊசியில் பூச்சிக்குக் கீழே இருக்க வேண்டும். மாணவர்கள் செய்த பெட்டிகளை ஒரு கல்லூரியில் பார்த்தேன். விரித்த அழகில் குறையே இல்லை. சீட்டு ஒன்றில்கூட இல்லை. மனது கேட்கவில்லை.

நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் இம்மாவட்டத்து விட்டில்களைப் பற்றி 1891இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சேர்த்த விட்டில்கள் லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. இன்று நம் ஊர்ப் பூச்சியைப் பார்க்க நம் பிள்ளை அங்கே போகவா முடியும்? தெருவில் பழைய பாதரச விளக்குகள் போய் எல்.இ.டி. வந்த பிறகு வெளிச்சத்துக்கு வரும் விட்டில்களும் குறைந்துவிட்டன. எந்த ஆண்டில் எது வந்தது என்று எழுதி வைக்க இதுவே சமயம்.

காட்டுக்குள் போய் எடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. முக்குறுத்தி தேசியப் பூங்கா போன்ற இடங்களில் அனுமதியில்லாமல் எதையும் தொடக் கூடாது. வாசல் விளக்கடியில் கிடப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாதுகாக்கும் இனமா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆசிரியர் அவர்கள் மாணவர் பக்கத்தில் இந்தச் சீட்டின் மாதிரியை ஒரு முறை அச்சிட வேண்டுகிறேன். வீட்டில் பெரியவர்கள் விட்டுப்போன பூச்சிப் பெட்டி இருந்து, அதில் சீட்டும் இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தேயிலைத் தொழிலாளி,
கோத்தகிரி.