ஒரே பெயர், வேறு வேறு லிங்கன்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க இடப்பெயர்களைப் பற்றிக் கடந்த இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். லிங்கன் என்ற பெயரில் அங்கே 20-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் (நம் மாவட்டங்களைப் போன்ற ஆட்சிப் பகுதிகள்) இருப்பதைக் குறிப்பிட்டு, அவை அனைத்தும் ஆபிரகாம் லிங்கனுக்குச் செலுத்தப்பட்ட அஞ்சலி என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும். பொருந்தாத சிலவற்றுக்குத் தனி வரலாறு உண்டு என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

ஆபிரகாம் லிங்கன் பிறந்தது 1809-இல். மெய்ன் மாநிலத்து லிங்கன் கவுண்டி 1760-இலேயே அமைந்துவிட்டது. அன்று அப்பகுதி மாசசூசெட்ஸின் ஆட்சியில் இருந்தது; அதன் ஆளுநர் தாமஸ் பவுனல் பிறந்த ஊரான இங்கிலாந்தின் லிங்கன் நகரே அக்கவுண்டிக்குப் பெயர் தந்தது. வட கரோலினாவின் கதை வேறு. பிரிட்டிஷ் ஆளுநர் டிரையனின் பெயரைத் தாங்கிய கவுண்டியை, விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1779-இல் கலைத்து இரண்டாகப் பிரித்தார்கள். அவற்றுள் ஒன்று, தெற்கில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய பெஞ்சமின் லிங்கனின் பெயரைப் பெற்றது. மறு ஆண்டு அவர் சார்ல்ஸ்டன் நகரைப் பிரிட்டிஷாரிடம் இழந்து சரணடைய நேர்ந்தது. ஆயினும் அதே 1780-இல் கென்டக்கியில் உருவான கவுண்டி ஒன்றுக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. ஆக, ஆபிரகாம் பிறந்த கென்டக்கியில் அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு லிங்கன் கவுண்டி இருந்திருக்கிறது. ஜார்ஜியா, டென்னசி, மிசௌரி ஆகிய மாநிலங்களின் லிங்கன் கவுண்டிகளும் இந்தத் தளபதியின் பெயரால் அமைந்தவையே.

உண்மையிலேயே ஆபிரகாமின் பெயரைத் தாங்கியவற்றுள்ளும் சில தனிக் கவனத்துக்கு உரியவை. மிசிசிப்பி, ஆர்கன்சா, லூசியானா ஆகிய மாநிலங்களில் 1860 தேர்தலின்போது வாக்குச்சீட்டில் அவர் பெயரே இடம்பெறவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் நடந்த மறுசீரமைப்புக் காலத்தில், அதே மாநிலங்களில் முறையே 1870, 1871, 1873-ஆம் ஆண்டுகளில் அவர் பெயரால் ஆட்சிப் பகுதிகள் அமைந்தன. (லூசியானாவில் இவற்றைப் பாரிஷ் என்பார்கள்.) அடிமைமுறையைக் காக்கப் பிரிந்து சென்று போரிட்ட மண்ணில் அவர் பெயர் நிலைபெற்றது எத்தனை பெரிய மாற்றம்! கட்டுரையாளர் விரித்து எழுதியிருக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒரே மாநிலத்துக்குள்ளேயே பெயர் நம்மை ஏமாற்றிவிடும். அலபாமாவின் தலைநகரான மான்ட்கோமரி, 1775-இல் கியூபெக்கில் மாண்ட தளபதி ரிச்சர்ட் மான்ட்கோமரியின் பெயரைக் கொண்டது. அந்நகரம் அமைந்துள்ள மான்ட்கோமரி கவுண்டியோ, 1814-இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் மாண்ட லெமுவேல் மான்ட்கோமரியின் பெயரைக் கொண்டது.

பெயர் அப்படியே இருக்க, அதற்கு உரியவர் மாறியதும் உண்டு. சியாட்டில் அமைந்துள்ள கிங் கவுண்டிக்கு 1852-இல், அவ்வாண்டு துணைக் குடியரசுத் தலைவராகத் தேர்வான வில்லியம் ரூஃபஸ் கிங்கின் பெயரைச் சூட்டினார்கள். அவர் அலபாமாவில் அடிமைகளை வைத்திருந்தவர். 1986-இல் கவுண்டி மன்றம் அதை மார்ட்டின் லூதர் கிங்கின் பெயராக அறிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2005-இல் மாநிலச் சட்டமும் அதை உறுதி செய்தது. அயோவாவின் ஜான்சன் கவுண்டியிலும் 2021-இல் இதே வழி பின்பற்றப்பட்டது. அடிமைகளை வைத்திருந்த ரிச்சர்ட் மென்டர் ஜான்சனுக்குப் பதிலாக, அயோவாவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணியான லூலு மெர்ல் ஜான்சன் இன்று அப்பெயருக்கு உரியவர்.

ஆகவே, இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது கவுண்டியின் பெயருடன் மாநிலத்தையும் அது அமைந்த ஆண்டையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். லிங்கன் கவுண்டிகளைப் பற்றிய திருத்தத்தை அடுத்த இதழிலேயே வெளியிட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.