பழைய கொட்டிலில் சாய்ப்பு இறக்குவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உழவு மாடுகள் போய் டிராக்டரும் களையெடுக்கும் பவர் வீடரும் வந்துவிட்ட எங்கள் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களில், வெறுமனே கிடக்கும் மாட்டுக் கொட்டில்களை ஒட்டித் தகரச் சாய்ப்பு இறக்கி, அதில் மோட்டாருக்குக் காயில் கட்டவும், தெளிப்பான்களைப் பழுது பார்க்கவும், வெல்டிங் செய்யவும் பட்டறை போடுகிற இளைஞர்களைப் பார்க்கிறேன். ஒரு சிறு பழுதுக்காக இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு அலைந்தவன் என்ற முறையில் இதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சாய்ப்புகளில் பல, புதுக்கூரையின் மேல்விளிம்பைப் பழைய கொட்டிலின் சுவரிலேயே தொங்கவிட்டுக் கட்டப்படுகின்றன. அது எவ்வளவு பெரிய தவறு என்பதை என் வீட்டிலேயே கண்டவன் நான். அடுத்த பருவமழைக்கு முன் கட்ட நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் கொட்டில் என் பாட்டனார் கட்டியது. மண் சாந்தில் அடுக்கிய செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, வைரம் பாய்ந்த பனங்கைகளின் (பனைமரச் சட்டங்களின்) மேல் சீமை ஓடு. 2017ஆம் ஆண்டு கோடையில், என் தம்பி மகன் பட்டறை வைப்பதற்காக, அதன் தென்புறம் 10 அடி அகலத்தில் சாய்ப்பு இறக்கினோம். வேலையை ஏற்றுக்கொண்டவர் முன்பக்கம் மட்டும் இரும்புக் குழாய்த் தூண்களை நட்டுவிட்டு, பின்பக்கத்துக்குக் கொட்டில் சுவரைத் துளைத்து, ஆங்கிள் எனப்படும் நீண்ட ‘எல்’ வடிவ இரும்புச் சட்டத்தைப் போல்ட்டுகளால் முடுக்கி, அதன்மேல் தகரத்தை ஏற்றினார். ஒரு வரிசைத் தூண் செலவு மிச்சம் என்றார், நாங்களும் தலையாட்டினோம். அந்த ஆண்டு மழைக்குள்ளாகவே ஒவ்வொரு போல்ட்டின் கீழிருந்தும் சுவரில் சாய்வாக ஒரு விரிசல் இறங்கியிருந்தது. விரலால் தொட்டால் துளையிலிருந்து மண் சாந்து மாவாகக் கொட்டியது. சிமெண்டை அடைத்துப் பூசிவிட்டு விட்டுவிட்டோம்.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகக் காற்றுடன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தபோது சாய்ப்பின் தகரம் தென்னந்தோப்புக்குள் கிடந்தது. அந்த ஆங்கிள் தன் போல்ட்டுகளோடும், போல்ட்டுகள் பிடித்திருந்த செங்கற்களோடும் வாய்க்கால் ஓரத்தில் கிடந்தது. கொட்டில் சுவரில் 6 அடி நீளத்துக்கு மேல்பகுதி சரிந்து, அதன்மேல் ஊன்றியிருந்த பனங்கைகள் தொங்கின. சாய்ப்பு இல்லாத வடபுறச் சுவருக்கோ அந்தப் புயலில் ஒரு கீறல்கூட விழவில்லை. அந்தக் காலையில் கொட்டிலின் முன் நின்று என் தம்பி அழுததை நான் இன்னும் மறக்கவில்லை.

காரணம் எளியது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 47 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தரும். அரை மில்லிமீட்டர் தகரத்தின் எடையோ சதுர மீட்டருக்கு 5 கிலோவைத் தாண்டாது. சீமை ஓட்டுக் கூரை, மரச்சட்டங்களைச் சேர்க்காமலே, சதுர மீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் கனக்கும். ஓடுகளின் இடுக்குகள் வழியே காற்றும் ஓரளவு வெளியேறிவிடும். அதனால் பழைய கூரை தன் கனத்தாலேயே உட்கார்ந்திருக்கிறது. முன்பக்கம் திறந்த தகரச் சாய்ப்போ காற்று உள்ளே புகுந்தால் மேலே தூக்கும், மேலே வழுக்கிச் செல்லும் காற்றும் அதை உறிஞ்சி இழுக்கும். மண் சாந்துச் சுவர் மேலிருந்து வரும் சுமையைத் தாங்கும்; பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் இழுக்கும் இழுப்பைத் தாங்காது.

காற்றே இல்லாவிட்டாலும் எங்கள் மண் சும்மா இருக்காது. டெல்டாக் களிமண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். பழைய சுவரின் அடித்தளம் பல பத்தாண்டுகளில் அமர வேண்டிய அளவு அமர்ந்துவிட்டது. நேற்று நட்ட தூண் இனிமேல்தான் அமரும். இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தால் ஒன்றை ஒன்று இழுக்கத்தானே செய்யும்?

2019இல் மறுபடியும் கட்டினோம். சுவரிலிருந்து 2 அடி தள்ளிப் பின்வரிசைத் தூண்களை நிறுத்தினோம். ஒரே நீளமாகப் பள்ளம் வெட்டினால் பழைய அடித்தளம் பிடிமானம் இழக்கும் என்று, குழிகளை ஒவ்வொன்றாகத் தோண்டி, கான்கிரீட் போட்டு மூடிய பிறகே அடுத்ததைத் தோண்டினோம். எந்தக் குழியையும் பழைய அடித்தளத்தைவிட ஆழமாக்கவில்லை. பிடிமானத்துக்கு அகலத்தைத்தான் கூட்டினோம். தூண்களுக்கிடையே குறுக்குச் சட்டங்கள் வைத்தோம். காற்று அதிகம் இழுப்பது ஓரங்களையும் மூலைகளையும் என்பதால் அங்கே திருகாணிகளை நெருக்கி அடித்தோம். புதுச் சாய்ப்பு கொட்டில் சுவரை எந்த இடத்திலும் தொடவில்லை.

சாய்மானம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டுக் கூரையின் அழகு குலையாமல் சாய்ப்புக்கும் ஓடே போடலாம் என்று நான்தான் விரும்பினேன். ஓட்டுக்கு ஏறக்குறைய இரண்டடிக்கு ஓரடி சரிவு தேவை. எங்கள் கொட்டிலின் இறவாரம், அதாவது கூரையின் தாழ்ந்த விளிம்பு, தரையிலிருந்து 8 அடி உயரம். 10 அடி அகலத்துக்கு அந்தச் சரிவில் இறக்கினால் முன்பக்கம் 3 அடிதான் மிஞ்சும். தகரத்துக்கு எட்டடிக்கு ஓரடி சரிவு போதும் என்பதால் முன்பக்கம் ஆறரை அடிக்கு மேல் கிடைத்தது. உயரம் வேண்டுமென்று தரையைத் தோண்டிப் பள்ளமாக்குவோரும் உண்டு. ஐப்பசி மழையில் வெள்ளம் நிற்கும் ஊரில் அதைச் செய்யவே கூடாது. இறவாரம் இதைவிடத் தாழ்ந்திருந்தால், ஓடு இறங்கும் பக்கத்தை விட்டுவிட்டு, உயரம் கிடைக்கும் முக்கோணச் சுவர்ப் பக்கம் சாய்ப்பை இறக்குவதே நல்லது.

ஒழுகல் வருவது இரண்டு கூரைகளும் சந்திக்கும் இடத்தில்தான். சுவரில் தகரத்தை முட்டவைத்துச் சிமெண்டு பூசினால் இரண்டு கோடையில் அது வெடித்துவிடும். நாங்கள் தகரத்தின் மேல்விளிம்பை இறவாரத்தின் அடியில் நுழைத்து, சுவருக்கு 2 அங்குலம் முன்பாகவே நிறுத்தி, நுனியை மேல்நோக்கி மடித்துவிட்டோம். ஓட்டிலிருந்து வழியும் நீர் தகரத்தின் மேல் விழுந்து முன்னால் ஓடிவிடுகிறது. உள்ளே எழும் வெப்பமும் புகையும் அந்த இடைவெளியில் வெளியேறுகின்றன. இரண்டு கூரைகளின் நீரும் ஒரே விளிம்பில் கொட்டுவதால், அதன் கீழே ஒரு காரை வாய்க்கால் கட்டாயம் வேண்டும். இல்லையேல் தூணடி மண் அரித்துவிடும்.

விலை குறைவென்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வாங்க வேண்டாம். அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசி புற்றுநோய் தரவல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. பம்புசெட்டுக்கான கட்டணமில்லா மின்சாரத்தைப் பட்டறைக்கு இழுப்பதும் விதிமீறல்; தனி இணைப்பு பெற்று, முறையாக எர்த் போட வேண்டும். வெல்டிங் பொறி பறக்கும் இடத்துக்கு அருகில் வைக்கோல் போர் இருக்கவே கூடாது.

வேளாண்மைப் பொறியியல் துறைக்கும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக என் வேண்டுகோள் ஒன்று உண்டு. இந்தச் சாய்ப்புகளைப் பொறியாளர்கள் கட்டுவதில்லை; ஊரிலுள்ள கொத்தனாரும் வெல்டரும்தான் கட்டுகிறார்கள். அவர்களுக்குப் பழைய மண் சாந்துச் சுவரைப் பற்றியும், காற்றின் தூக்கு விசையைப் பற்றியும் வட்டாரந்தோறும் ஒரு நாள் பயிற்சியாவது அளிக்க வேண்டும். மூன்று அளவுகளில் மாதிரி வரைபடங்களைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களில் வைத்தால், கட்டுவோர் கையோடு எடுத்துச் செல்வார்கள். ஐப்பசிக்கு முன் இதைச் செய்தால் இந்த ஆண்டே பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.