பழைய கட்டடம் ஒன்றில் நம் கொசு ஆராய்ச்சிக்கும் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நம் புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் கட்டடங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எது ஓட்டலானது, எது கஃபே ஆனது, எது இன்னும் பூட்டியே கிடக்கிறது என்று தெருத்தெருவாக நன்றாக எழுதியிருந்தீர்கள். 2014 நவம்பர் மழையில் பிரெஞ்சுக் காலத்து நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் இடிந்து விழுந்ததையும், திரும்பக் கட்டி 2021இல் திறந்ததையும் படித்தபோது மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் இப்படிப் புதுப்பிக்கிற கட்டடங்களை என்ன செய்யலாம் என்று பேசுகிற இடத்தில் எல்லோரும் சுற்றுலாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள், உங்கள் கட்டுரையும் அங்கேயே நின்றுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான கடிதம், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

மும்பை பரேலில் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரிக்கு என் தங்கையைக் கூட்டிக்கொண்டு போயிருந்த நாட்களில், பக்கத்திலேயே மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய பழைய மாளிகையைப் பார்த்தேன். அதுதான் ஹாஃப்கின் நிறுவனம். ஆஸ்பத்திரிக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அதைத் தாண்டித்தான் நடந்து போவார்கள், உள்ளே என்ன நடந்தது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. எனக்கும் அன்று தெரியாது, ஊருக்கு வந்த பிறகு தேடித் தேடிப் படித்ததைத்தான் சொல்கிறேன்.

அந்த இடம் முதலில் கிறிஸ்தவத் துறவிகளின் மடம். 1700களில் ஆங்கிலேயர்கள் அதைக் கைப்பற்றி பம்பாய் கவர்னரின் மாளிகையாக்கினார்கள். விருந்து, நடனம், தர்பார் எல்லாம் அங்கேதான். 1880களின் தொடக்கத்தில் கவர்னராக இருந்த ஜேம்ஸ் பெர்குசனின் மனைவி காலராவில் இறந்துபோனார், அதற்கப்புறம் கவர்னர்கள் மலபார் முனைக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். மாளிகை கேட்பாரில்லாமல் போனது. காலராவுக்குத் தடுப்பூசி தயாரித்து அதைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்த வால்டெமார் ஹாஃப்கின் கையில்தான் கடைசியில் அந்தக் கட்டடம் வந்து சேர்ந்தது என்பதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஹாஃப்கின் ஒதெஸாவில் பிறந்த யூதர், பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1893இல் காலரா தடுப்பூசியோடு கல்கத்தா வந்தார். 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. மாண்ட்வி பகுதியில் அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் அகாசியோ வியேகாஸ் என்ற உள்ளூர் டாக்டர். ஊரைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், ஹாஃப்கினுக்கு கிராண்ட் மெடிக்கல் காலேஜில் கொடுத்தது ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும்தான். அங்கே அவர் செய்த வேலையைக் கேளுங்கள். கறிச்சாறு போன்ற ஒரு கரைசலைக் குப்பியில் ஊற்றி, மேலே நெய்த்துளிகளை மிதக்கவிடுவார், பிளேக் கிருமி அந்த நெய்த்துளியைப் பிடித்துக்கொண்டு ஆலம் விழுதைப் போலக் கீழே இறங்கி வளரும். குப்பியைக் குலுக்கினால் விழுதெல்லாம் அடியில் உதிரும், மறுபடி புதிதாக வளரும். கடைசியில் எல்லாவற்றையும் சூடேற்றிக் கொன்றால் அதுதான் தடுப்பூசி மருந்து. நம் வீட்டு அடுப்படியில் இருக்கிற நெய் பிளேக் ஊசிக்கு உதவியிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தை மறந்திருப்பேனா? 1897 ஜனவரி 10ஆம் தேதி அந்த ஊசியையும் அவர் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார்.

ஒரே அறையில் எவ்வளவு தயாரிக்க முடியும்? ஆகா கான் போன்றவர்கள் உதவினார்கள், ஒரு பங்களாவிலிருந்து இன்னொரு பங்களாவுக்கு மாறினார்கள், கடைசியில் 1899 ஆகஸ்டில் பரேல் மாளிகையில் பிளேக் ஆராய்ச்சிக்கூடம் திறந்தது. அங்கிருந்து லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி மருந்து போனது.

நல்லது மட்டும் நடக்கவில்லை. 1902இல் பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் ஒரே குப்பியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்துவிட்டார்கள். பழி முழுவதும் ஹாஃப்கின் மேல் விழுந்தது, வேலையிலிருந்து விலக்கினார்கள். கிராமத்தில் குப்பியைத் திறந்தபோது தரையில் விழுந்த இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தியதுதான் காரணம் என்பது ஏற்கப்பட்டு, மலேரியா கொசுவால் பரவுகிறது என்று காட்டிய ரொனால்ட் ராஸ் போன்றவர்கள் அவருக்காகப் பத்திரிகையில் வாதாடி, 1907இல்தான் அவர் மேல் குற்றமில்லை என்று ஆனது. திரும்ப இந்தியா வந்தாலும் பரேலுக்கு அவர் போகவில்லை, கல்கத்தாவில்தான் வேலை பார்த்தார். 1925இல் அந்த நிறுவனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1932இல் சாஹிப் சிங் சோகி முதல் இந்திய இயக்குநராக வந்தார்.

சரி, இதற்கும் புதுச்சேரிக்கும் என்ன சம்பந்தம்?

முதலாவது, பிளேக் எப்படிப் பரவுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர். பாஸ்டர் நிறுவனம் அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. 1898 ஜூன் 2ஆம் தேதி கராச்சியில், நோய் கண்ட எலியையும் நல்ல எலியையும் நடுவில் தடுப்பு வைத்துப் பிரித்து, எலிகள் ஒன்றையொன்று தொடாமலே தெள்ளுப்பூச்சி வழியாக நோய் தாண்டிப்போவதைக் காட்டினார். அவர் சொன்னதை அப்போது பெரிய டாக்டர்களே நம்பவில்லை. சில வருஷம் கழித்து பரேல் மாளிகை வளாகத்தில் சிறிய சிறிய குடிசைகள் கட்டி, உள்ளே கினிப்பன்றிகளை விட்டுப் பார்த்துத்தான் தெள்ளுப்பூச்சிக் கணக்கை உறுதி செய்தார்கள். பிரெஞ்சுத் தெருப்பெயர்களை இவ்வளவு ஆசையாகக் காப்பாற்றுகிற நம் ஊரில் சிமோன் என்ற பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். நம் ஊரிலேயே அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது. இந்திரா நகரில் இருக்கும் வி.சி.ஆர்.சி.யைத்தான் சொல்கிறேன், கொசு மாதிரி நோய் பரப்புகிற பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதற்கான ஆராய்ச்சி மையம் அது, 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது. ஜிப்மர் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் போர்டைப் பார்த்திருப்பார்கள். பரேலில் நடந்ததற்குக் கொஞ்சமும் குறையாத வேலை இங்கே நடந்திருக்கிறது, கட்டடம் மட்டும்தான் மாளிகை இல்லை.

என் வயதுக்காரர்களுக்கு யானைக்கால் நோய் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலேயே அந்தக் காலோடு நடந்தவர்கள் இருந்தார்கள், கடலூர் முதுநகரில் என் அம்மா வழிப் பாட்டிக்கும் இருந்தது. புடவையை ஒரு பக்கம் இறக்கிக் கட்டியிருப்பார், விசேஷ வீட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். ராத்திரி சாப்பாடு முடிந்து படுக்கப்போகிற நேரத்தில் யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்கிற ஃபைலேரியாக்காரர்கள் டார்ச் லைட்டோடு வருவார்கள். அந்த நோயைக் கொடுக்கிற புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் மேல் ரத்தத்துக்கு வரும், அதைப் பரப்புகிற கியூலக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதுதான், அதனால்தான் அந்த நேரத்தில் வருகிறார்கள் என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. விரல் நுனியை பஞ்சால் துடைத்து, ஒரு குத்து, வந்த ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடிமனாக இழுத்து வைத்து, ஓரத்தில் நம்பர் எழுதி, நீளமான மரப்பெட்டியில் வரிசையாகச் சொருகுவார்கள். பிள்ளைகள் அழும், பெரியவர்கள் கதவைத் திறக்காமல் சத்தம் போடுவார்கள். அவர்கள் கோபப்படாமல் மறுநாளும் வந்து நிற்பார்கள்.

1981லிருந்து 1985வரை வி.சி.ஆர்.சி. புதுச்சேரி நகரத்தையே எடுத்துக்கொண்டு கொசு ஒழிப்பு செய்து காட்டியது. பி.கே.ராஜகோபாலன் இயக்குநராக இருந்த காலம் அது. மருந்தை மட்டும் நம்பாமல், கொசு எங்கே முட்டை வைக்கிறது என்று தேடிப் பிடித்து அந்தச் சாக்கடையையும் குட்டையையும் கழிவுநீர்த் தொட்டியையும் சரிசெய்கிற வழி. கடலோரக் கிராமங்களில் சவுக்குத் தோப்புக்குத் தண்ணீர் ஊற்றத் தோண்டிய பள்ளங்களில் மலேரியா கொசு வளர்ந்தது. பள்ளத்தை மூடினால் சவுக்கு போய்விடும், அதனால் மீன் வளர்க்கச் சொன்னார்கள். லார்வாவை, அதாவது கொசுப் புழுவை, மீன் தின்றது, வளர்ந்த மீன் தோப்புக்காரருக்கு. அப்புறம் கேரளத்தில் சேர்த்தலைக்குப் போய், குளங்களில் ஆகாயத்தாமரை வகைச் செடிகளை ஜனங்களையே எடுக்க வைத்து, அங்கேயும் யானைக்கால் நோயோடு போராடினார்கள். கொசு லார்வாவைக் கொல்கிற ஒரு பாக்டீரியா வகை இந்த நிறுவனத்தின் பெயரிலேயே வழங்குகிறது. 2022இல் டெங்கு கொசுவுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றி, வைரஸைப் பரப்ப முடியாத கொசுவை உருவாக்கியிருக்கிறோம் என்று அறிவித்ததும் இங்கேதான். யானைக்கால் மாத்திரையை வீடுவீடாகக் கொடுத்ததை எல்லோரும் பார்த்திருப்போம். இன்று எங்கள் தெருவில் அந்தக் காலோடு ஒரு பிள்ளை கூட வளரவில்லை என்றால், பின்னால் இத்தனை பேருடைய வேலை இருக்கிறது.

ஜிப்மர் தன் வரலாற்றை 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து சொல்கிறது. ஆக, மருத்துவ வரலாறு இருநூறு வருஷத்துக்கு மேல் ஓடுகிற ஊர் இது. அதில் ஒரு துளியாவது பார்க்க வேண்டும் என்று வருகிற ஒரு பிள்ளைக்கு, சாதாரணமாக உள்ளே நுழைந்து பார்க்கிற மாதிரி நகருக்குள் எந்த இடத்தைக் காட்டுவோம்? பீச்சிலிருந்து பெரிய வாய்க்கால் வரை நடந்தால் காலனி காலத்து நாற்காலி, கண்ணாடி, சரவிளக்கு எல்லாம் பார்க்கலாம். அதே வாய்க்காலில் வளர்ந்த கொசுவோடு இந்த ஊர் எப்படி மல்லுக்கட்டியது என்று சொல்ல ஒரு சுவர் இல்லை.

பழைய கட்டடத்தில் ஆராய்ச்சியெல்லாம் சரிப்படாது, ஈரம் ஏறும், கரையான் வரும் என்று சிலர் சொல்வார்கள். செயின்ட் லூயி தெருவில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 1955லிருந்து கடலைப் பார்த்த பழைய கட்டடத்தில்தான் இருக்கிறது, ஓலைச்சுவடியும் உலர்ந்த செடிகளும் மகரந்தத் துகள் தொகுப்பும் அங்கே பத்திரமாகத்தான் இருக்கின்றன. செலவு ஆகும், ஆள் வேண்டும், உண்மைதான். ஓட்டலுக்கு விட்டால் வாடகை வரும் என்பதும் உண்மை. ஆனால் அரசுப் பணத்தில் புதுப்பிக்கிற கட்டடத்தில் ஒரு பகுதியாவது இந்த ஊர்க்காரர்களுடையதாக இருக்க வேண்டாமா? இன்னொருவர் என்னிடம் கேட்டார், சுற்றுலா வருகிறவனுக்கு யானைக்காலைக் காட்டுவார்களா என்று. அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. என் பாட்டி வாழ்நாள் முழுக்க மறைத்துக்கொண்ட காலை ஊரும் மறைக்க வேண்டும் என்கிற மாதிரிதான் அது கேட்டது.

அரசிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. புதுப்பித்த அல்லது புதுப்பிக்கப் போகிற கட்டடம் ஒன்றில் இரண்டு மூன்று அறைகள். அதில் ராத்திரி ரத்தப் பரிசோதனைத் தகடுகள், அந்த மரப்பெட்டி, பழைய மைக்ராஸ்கோப், லார்வா எடுக்கிற கரண்டி, பதிவேடுகள், சவுக்குப் பள்ளம் எப்படி இருந்தது என்று ஒரு மாதிரி, உயிரோடு நீந்துகிற லார்வாவும் அதைத் தின்கிற மீனும் ஒரு தொட்டியில். பிள்ளைகள் கண்ணாடியில் குனிந்து பார்க்க ஒரு மேஜை. ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாளன்று பள்ளிகளில் உறுதிமொழி எடுக்கிறார்கள், அன்று பிள்ளைகளை இங்கே கூட்டி வரலாம். தமிழில் விளக்கம் எழுத வேண்டும், முதலில் தமிழில்.

இதில் அவசரமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் டார்ச் லைட்டோடு வீடுவீடாக வந்தவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள், பலர் இப்போது இல்லை. மிச்சம் இருப்பவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நம் பக்கத்து வீடுகளில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதை இப்போதே பதிவு செய்ய வேண்டும், பரணில் கிடக்கிற போட்டோவும் நோட்டும் காயலான் கடைக்குப் போவதற்குள் வாங்கி வைக்க வேண்டும். இதற்கு அரசு உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. உங்கள் பத்திரிகையே ஒரு அறிவிப்புப் போட்டு, அப்படி வேலை பார்த்தவர்களைத் தங்கள் அனுபவத்தை எழுதச் சொல்லலாம், ஞாயிறு பக்கத்தில் வாரம் ஒருவருடையதை வெளியிடலாம். என் தெருவில் அப்படி ஓர் அய்யா இருக்கிறார். கை நடுங்குகிறது, எழுத முடியாது, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டை வாசகி,
புதுச்சேரி