எழுத்தாளர் பெயரும் சுவரொட்டியில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாவலைத் தழுவிய படங்கள் வசூலைக் குவிப்பது புதிதன்று. ஆனந்த விகடனில் தொடராக வந்த கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' 1968-லேயே திரையரங்குகளை நிறைத்தது. 1982-இல் வெளிவந்த பூமணியின் 'வெக்கை', 2019-இல் 'அசுரன்' ஆகிப் பெருவெற்றி கண்டதற்கு, கொலை செய்துவிட்டு ஓடும் 15 வயதுச் சிறுவனையும், அவனோடு காடு மேடெல்லாம் அலையும் தகப்பனையும் அவர் கரிசல் மண்ணிலிருந்து உயிரோடு எடுத்து வைத்திருந்ததே முதற்காரணம் என்பேன். படம் பார்த்த மறுநாள் நூலகத்தில் அந்நாவலைக் கேட்டபோது, எனக்கு முன்பே நால்வர் பெயர் எழுதிக் காத்திருந்தனர். இத்தகைய படங்களின் சுவரொட்டிகளில் மூலக்கதை ஆசிரியரின் பெயரை, இயக்குநர் பெயருக்கு இணையான அளவில் அச்சிடத் தயாரிப்பாளர்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோவில்பட்டி