டைவ் பாரில் யாரும் முங்குவதில்லை

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையின் மொழிபெயர்ப்பில் ‘டைவ் பார்’ என்பது ‘முக்குளிப்போர் மதுக்கூடம்’ ஆகியிருந்தது. சங்கு குளிக்கிறவர்களும் பாசிக்கு முங்குகிற பெண்களும் உள்ள எங்கள் கரையில் இதைப் படித்தால், கடல்தொழில் செய்கிறவர்களுக்கென்று அங்கே தனிக் கடை இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

1870, 80களில் அமெரிக்க நகரங்களில் மட்டமான குடிக்கடைகள் பல, தெருமட்டத்துக்குக் கீழே நிலவறைகளில் இருந்தன. போகிற போக்கில் யார் கண்ணிலும் படாமல் சட்டென்று படியிறங்கிவிடலாம். ‘டைவ்’ என்ற பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் இதுதான். அன்று அது வசவு. இன்று பாதி செல்லம். மங்கல் வெளிச்சம், கிழிந்த ஸ்டூல், மலிவு விலை, தினமும் அதே முகங்கள். ஆகவே பழைய காலத்துச் செய்தி என்றால் ‘மட்டமான சாராயக்கடை’, இன்றைய கட்டுரை என்றால் ‘லோக்கல் பார்’ என்று போடலாம்.

‘டாஸ்மாக் பார்’ மட்டும் வேண்டாம். இங்கே பாட்டிலைக் கடையில் வாங்கிக்கொண்டு பாருக்குள் போகிறோம்; அங்கே கவுன்ட்டரில் அளந்து ஊற்றித் தருவார்கள். அதே கட்டுரையில் ‘ஷாட்’ என்பதைக் ‘கட்டிங்’ ஆக்கியதும் இந்தக் குழப்பத்தால்தான். ஷாட் சுமார் 44 மில்லி. 180 மில்லி குவாட்டரில் பாதியான கட்டிங் 90 மில்லி. பியரோடு ஒரு ஷாட் போட்டவரை மொழிபெயர்ப்பாளர் இரண்டு ஷாட் குடிக்க வைத்துவிட்டார்!

இதுபோன்ற வேறு பெயர்களுக்கும் கவனம் தேவை. ‘ஹாங்கி டாங்க்’ கன்ட்ரி எனும் அமெரிக்கக் கிராமிய இசையும் ஆட்டமும் உள்ள இடம். ‘ஜூக் ஜாயின்ட்’ தென் மாநிலக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக் கொட்டகை. இரண்டையும் பெயராகவே விடுவது நல்லது. ‘வாட்டரிங் ஹோல்’ வழக்கமாகப் போகும் எந்த பாருக்கும் பொருந்தும், அழுக்காக இருக்க வேண்டியதில்லை; தயவுசெய்து ‘ஊருணி’ என்று எழுதிவிடாதீர்கள். 1920 முதல் 1933 வரையிலான அமெரிக்க மதுவிலக்கில் பெருகிய ‘ஸ்பீக்ஈசி’, ‘பிளைண்ட் பிக்’ (குருட்டுப் பன்றி) இரண்டும் லைசென்ஸ் இல்லாமல் ஒளித்து விற்ற இடங்கள். பின்னதன் பெயர் அதற்கும் முந்தைய தந்திரத்திலிருந்து வந்தது: காசு மிருகத்தை வேடிக்கை பார்க்க, குடி ‘இலவசம்’. நம் ‘சந்துக்கடை’ இவற்றுக்குக் கச்சிதம்.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், மதுக்கடையைத் ‘தவறணை’ என்பார்கள். ராமேஸ்வரத்தில் பலர் காதில் விழுந்த சொல். ‘டேவர்ன்’ வரும்போது அதைப் பயன்படுத்தலாம். திருத்தம் வெளியிடுவதானால் ஷாட் அளவையும் சேர்த்துத் திருத்துங்கள்.

– வாசகர்கள், பாம்பன்