கணினிக்குள் பிரபஞ்சம்: நிறுவப்பட்டது எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாம் வாழும் பிரபஞ்சம் ஒரு கணினி சிமுலேஷனே, அதாவது கணினியில் நடத்தப்படும் போலி உலகமே, என்று தத்துவ அறிஞர் நிக் பாஸ்ட்ரம் நிறுவிவிட்டதாகத் தங்கள் இதழின் கட்டுரை கூறுவது சரியன்று. அவர் முன்வைப்பவை மூன்று வாய்ப்புகள். ஓர் உலகையே கணினியில் நடத்தும் கணிப்பாற்றலை எட்டுமுன் மனித இனம் அழிந்துவிடும். அல்லது எட்டியவர்கள் தம் முன்னோரின் வாழ்வைக் கணினியில் நடத்திப் பார்க்க விரும்பமாட்டார்கள். அல்லது நாம் பெரும்பாலும் சிமுலேஷனுக்குள்தான் இருக்கிறோம். இம்மூன்றில் ஒன்றேனும் உண்மையாக இருந்தாக வேண்டும் என்பதே 2003-இல் அவர் வெளியிட்ட ஆய்வுரையின் முடிவு. அதுவும், கணினியில் உணர்வு தோன்ற முடியும் என்ற ஊகத்தின்மேல் நிற்கிறது.

இக்கேள்வியை நான் ஒதுக்கவில்லை. சோதிக்கத்தக்க பகுதி அதில் உண்டு என்பதாலேயே எழுதுகிறேன். கோவையில் பம்பு வடிவமைக்கும் நாங்கள், இம்பெல்லருக்குள் (பம்பினுள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) நீர் பாய்வதைக் கணினியில் காண, அவ்விடத்தை நுண்ணிய கட்டங்களாகப் பிரித்து மெஷ் போடுகிறோம். மெஷ் முரடாக இருந்தால், நீரின் இயல்பில் இல்லாத கோணல்கள் விடையில் தென்படும். 2012-இல் சைலஸ் பீன், ஸோரே தவூதி, மார்ட்டின் சாவேஜ் ஆகிய இயற்பியலாளர்கள் இவ்வழியிலேயே சிந்தித்தார்கள். நாம் இருக்கும் இடவெளியே இத்தகைய கட்டங்களால் ஆனதென்றால், காஸ்மிக் கதிர்களின் (விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்கள்) ஆற்றலுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும். அவ்வரம்பை நெருங்கும் கதிர்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே சீராக வராமல், கட்டத்தின் அச்சுகளைக் காட்டிக்கொடுக்கும். அப்படி ஒரு தடயம் இன்றுவரை கிடைக்கவில்லை. கட்டம் இன்னும் நுண்ணியதாக இருக்கலாம் என்பது நியாயமான மறுமொழிதான். ஆனால் எந்தச் சோதனைக்கும் அகப்படாதபடி சிமுலேஷனைப் படைத்தவர் கட்டத்தை மறைத்துவிட்டார் என்று சொல்லத் தொடங்கினால், அதன்பின் அது இயற்பியல் ஆகாது.

கட்டுரை தொடாத இடர்ப்பாடு ஒன்றும் உண்டு. ஒன்றோடொன்று பிணைந்த 300 குவாண்டம் பிட்டுகளின் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகுகள்) நிலையைச் சாதாரணக் கணினியில் முழுமையாக எழுதிவைக்க, காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களைவிட அதிகமான எண்கள் தேவைப்படும். அப்படியிருக்க, பிரபஞ்சம் முழுவதையும் அத்தகைய கணினியில் நடத்துவது எப்படி? நம்மை இயக்கும் கணினி நம் இயற்பியலுக்குக் கட்டுப்படாதது என்பவர்கள், அக்கணினியைப் பற்றி எதையும் சொல்ல வழியின்றிப் போகிறார்கள்.

நமக்கு அருகிலேயே, உதகையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் காஸ்மிக் கதிர்களைப் பதிவுசெய்து வருகிறது. மேற்சொன்ன சோதனைக்கு வேண்டிய உச்ச ஆற்றல் கதிர்களுக்கு அர்ஜென்டினாவில் சுமார் 3,000 சதுர கிலோமீட்டரில் பரந்திருக்கும் பியர் ஆஜே ஆய்வகம் போன்றவை தேவை என்றாலும், இக்கதிர்களை எப்படி அளக்கிறார்கள் என்பதை உதகை விஞ்ஞானிகளைக் கொண்டே விளக்கி ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பம்பு வடிவமைப்புப் பொறியாளர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.