மூன்று இரவுகளும் வேண்டும், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் மகன் படிப்பதற்காகச் சியாட்டிலுக்கு வந்துவிட்ட செய்தியைச் சொன்ன கையோடு, செப்டம்பரின் முதல் திங்களையொட்டிய தொழிலாளர் தின விடுமுறையில், கார்ஜ் திறந்தவெளி அரங்கில் மூன்று இரவுகள் நடக்கும் டேவ் மேத்யூஸ் பேண்ட் என்ற அமெரிக்க ராக் குழுவின் நிகழ்ச்சிக்கு அவனை அழைத்துப்போக முடியுமா என்று கேட்டீர்கள். மூன்று இரவுகளும் எதற்கு, ஒன்று போதாதா, எல்லாம்தான் பதிவாகக் கிடைக்கிறதே என்றும் சேர்த்துக்கொண்டீர்கள். 2008இல் என்னை முதன்முதலாக அங்கே கூட்டிச் சென்றவரே நீங்கள் என்பதால், தொலைபேசியில் எனக்கு உடனே பதில் வரவில்லை. நிதானமாக எழுதுகிறேன்.

அந்த வழி உங்களுக்கு மறந்திருக்காது. சியாட்டிலிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர். ஸ்னோக்வால்மி கணவாய் வரை மழையில் நனைந்த ஊசியிலைக் காடு, அதைத் தாண்டிய சிறிது நேரத்தில் மரமே இல்லாத வறண்ட மேட்டுநிலம், வான்டேஜ் பாலத்தின் கீழே கொலம்பியா ஆறு. கார்ஜ் அரங்கின் புல்சரிவில் உட்கார்ந்தால், மேடைக்குப் பின்னால் கரிய எரிமலைப் பாறைகள் செங்குத்தாக இறங்குவதும், அணையால் தேங்கி நிற்கும் ஆறு அடியில் ஏரிபோல் அசையாமல் கிடப்பதும் தெரியும். இருபத்தேழாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் இடம் அது. என்றாலும் அந்தி மயங்கும் வேளையில், பேசிக்கொண்டிருந்தவர்கள் தாமாகவே பேச்சை நிறுத்திவிட்டு மேற்கே பார்ப்பதை ஆண்டுதோறும் காண்கிறேன்.

நாம் போன ஆண்டு சாதாரணமான ஆண்டு அல்ல. 1991இல் வர்ஜீனியா மாநிலத்துச் சார்லட்ஸ்வில்லில் குழு தொடங்கிய காலம் முதல் சாக்சபோன் வாசித்துவந்த லீராய் மூர், ஜூன் இறுதியில் தம் பண்ணையில் நேர்ந்த வண்டி விபத்தில் காயமுற்று, ஆகஸ்ட் 19 அன்று காலமானார். அன்றிரவே லாஸ் ஏஞ்சல்ஸில் குழு மேடையேறியது. பத்து நாள் கழித்து கார்ஜுக்கு வந்தது. அவருக்குப் பதிலாக ஜெஃப் காஃபின் நின்று வாசித்தார். அந்தக் குழுவைப் பற்றி ஒன்றும் அறியாத நான், நம் முன்வரிசையில் இருந்த நடுவயதுக்காரர் ஒருவர், சாக்சபோன் தனித்து எழுந்த ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன். நீங்கள் காரணத்தை என் காதில் சொன்னீர்கள். நான் இந்த இசைக்கு ரசிகனானது அந்தக் கணத்தில்தான். அந்த மனிதரின் பத்தாண்டு, பதினைந்தாண்டுக் கேள்வி ஞானம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது என்றே இன்றுவரை நம்புகிறேன்.

மூன்று இரவுகள் வேண்டும் என்பதற்கும் அதுவே காரணம். இவர்கள் எந்த இரவிலும் முந்தைய இரவின் வரிசையை வாசிப்பதில்லை. ஒருமுறை வந்த பாட்டு அந்த மூன்று நாட்களுக்குள் பெரும்பாலும் மறுபடி வராது. முதல் நாள் வராத பாட்டுக்காக, ரசிகர்கள் தங்கும் கூடார வரிசைகளில் மறுநாள் பகல் முழுதும் நடக்கும் வாதத்தைக் கேட்க வேண்டும்: எந்த ஆண்டு எப்படி வாசித்தார்கள், எந்த இடத்தில் நீட்டினார்கள் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். நம்மூர்க் கச்சேரியில் ஆலாபனையின் முதல் பிடியிலேயே ராகம் பிடிபட்டுச் சபையில் ஒரு சலசலப்பு எழுமே, அதுபோல கிட்டார் இரண்டு தட்டுத் தட்டியதுமே புல்சரிவு முழுதும் ஆரவாரம் கிளம்பும். முந்தைய இரவு ஏமாந்தவருக்குத்தான் அந்த ஆரவாரத்தின் முழு ருசியும் தெரியும். ஒரே இரவுக்கு வருகிறவன் பாட்டைக் கேட்பான். காத்திருந்து கேட்பது அவனுக்கு வாய்க்காது.

பதிவுகளைக் குறைத்துச் சொல்லவில்லை. 2002 செப்டம்பரில் அங்கே மூன்று இரவுகள் வாசித்தவற்றிலிருந்து தொகுத்து 2004இல் வெளியான இசைத்தட்டை நீங்கள்தான் எனக்குக் கொடுத்தீர்கள். தேய்ந்துபோகும் அளவுக்குக் கேட்டிருக்கிறேன். விற்காமல் தமக்குள் பகிர்ந்துகொள்ளும்வரை ரசிகர்களே பதிவு செய்யவும் இந்தக் குழு அனுமதிக்கிறது. ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து காற்று எழும்பும்போது ஒலி ஒருகணம் விலகிப்போய்த் திரும்புவதும், தாளம் தவறாமல் கைதட்டிக்கொண்டே அயலார் ஒருவர் போர்வையின் பாதியை நம் பக்கம் தள்ளுவதும் எந்தப் பதிவிலும் இல்லை.

உங்கள் மகன் மிருதங்கத்தை விட்டுவிட்டான் என்று வருத்தப்பட்டீர்கள். குழுவின் டிரம்ஸ் கலைஞர் கார்ட்டர் பியூஃபோர்டை அவன் நேரில் பார்க்கட்டும். கையுறை அணிந்து, கைகளைக் குறுக்கே போடாமல், இடக்கையாலேயே ஹை-ஹாட் என்னும் ஜோடித் தாளத்தட்டை நடத்தியபடி அவர் வாசிப்பதை 2008இல் நீங்கள் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தீர்கள். எத்தனை முறை எண்ணினாலும் ஓரிடத்தில் உங்கள் கணக்கு தப்பியது. தப்பியதும் நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை அலுவலகத்தில் நான் ஒருநாளும் கண்டதில்லை.

மூன்று நாட்களுக்கும் அவனுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிவிட்டேன். பகலில் வெயில் கொளுத்தும், பத்து மணிக்கு மேல் குளிர் எலும்பைத் தொடும். காட்டுத்தீப் புகை வந்தாலும் வரும். கனமான சட்டையும் முகக்கவசமும் எடுத்துவரச் சொல்லுங்கள். கூடாரமும் போர்வைகளும் என்னிடம் உள்ளன. நீங்கள் விட்டுச்சென்ற அந்தப் பச்சைக் கம்பளியையும் எடுத்துப்போகிறேன்; வெள்ளிக்கிழமை இரவு அதை அவன் தோளில் போர்த்திவிட்டு உங்களை அழைக்கிறேன், அண்ணா. அங்கே அப்போது உங்களுக்குப் பகல்தான்.

அன்புடன்,
உங்கள் தம்பி